கூரை ஏறிய பொன்

“கழுத்தில் ஏற வேண்டியதைக் கூரையில் ஏற்றிவிட்டாளாம் வாத்தியாரம்மா!”

சென்ற ஆண்டு மே மாதத்தில் எங்கள் தெருவிலே உலவிய சொல் இது. தேநீர்க் கடையிலே பிறந்தது, குழாயடியிலே வளர்ந்தது, மாலைக்குள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது.

சொன்னவர்கள்மீது எனக்குச் சினமில்லை, தோழர்களே! சொன்னது பொய்யுமன்று. கல்லூரியிலே கலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, ஊர்ப் பள்ளியிலே வேலைக்குச் சேர்ந்த நாள்தொட்டு என் ஊதியத்திலே ஒரு பகுதியை அம்மா தனியே எடுத்து வைத்து வந்தார். இரண்டு சவரனுக்கு ஆகட்டும் என்பது அவர் கணக்கு. பெண்ணுக்கு வயதாகிறது, பொன் இருந்தால்தானே மணமகன் வருவான் என்பது ஊர்க் கணக்கு. நானோ வேறு கணக்குப் போட்டேன். சேர்ந்திருந்த ஒன்றே கால் இலட்சத்தை எடுத்தேன். பொற்கொல்லர் கடைக்குப் போகவில்லை. இரண்டு கிலோவாட் சோலார் தகடுகள் வாங்கி மாடியிலே பொருத்தினேன். அம்மா இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அழுகையைத் தாங்கலாம், அந்த அமைதியைத் தாங்க இயலவில்லை.

ஏன் செய்தேன்? ஆடம்பரமா? அடம்பிடித்தலா?

எங்கள் ஊர் பணகுடிக்குப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மலையைப் பிளந்துகொண்டு வரும் காற்று எங்கள் வயல்களின்மேல் பாய்ந்து போகும். அந்தப் பக்கம் முப்பந்தல். அங்கே நூற்றுக்கணக்கில் காற்றாலைகள். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். இத்தனையும் இருந்து, இரவிலே மின்சாரம் நின்றால் நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன்; என் மாணவர் வாசற்படியிலே தெருவின் இருளைப் பார்த்தபடி அமர்ந்திருப்பர். ஆற்றங்கரையிலே குடியிருந்து நாவறண்டு சாவது போன்ற வாழ்வு! அந்த வெட்கந்தான் என்னை மாடி ஏற்றியது.

மாடி ஏறியதும் முதல் தடை வந்தது. தகடுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதைக் கண்டார் பக்கத்து வீட்டுப் பெரியவர். என்னைப் பிறந்தது முதல் அறிந்தவர், நல்லவர், நாள் பார்க்காமல் நகம் வெட்டாதவர்.

“பிள்ளே, தெற்கு எமன் திசையாச்சே! வீட்டின் முகத்தை அங்கே திருப்பலாமா?” என்றார்.

“தாத்தா, நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி ஞாயிறு நமக்குத் தெற்கே சாய்ந்துதான் செல்கிறது. ஒளி எங்கிருந்து வருகிறதோ அங்கேதானே முகம் வைக்க வேண்டும்?” என்றேன். பத்துப் பாகை சரிவு ஏன் என்பதையும் சொன்னேன். எங்கள் ஊர் எட்டுப் பாகை அகலாங்கிலே இருக்கிறது. அதையொட்டிய சரிவே போதும். சற்றே கூட்டி வைத்தால் மழை பெய்யும்போது தூசியும் கழுவிப் போகும்.

பெரியவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்ட ஆட்டமன்று, ‘பட்டால் தெரியும்’ என்கிற ஆட்டம்.

பட்டது. ஒரு புதன்கிழமை பட்டது.

இருவழி மீட்டர் பொருத்தியாயிற்று. நாங்கள் பயன்படுத்தியது போக மிஞ்சும் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகும். இரவில் வேண்டியதைத் தெருக்கம்பியிலிருந்து பெறலாம். நண்பகல் 12 மணிக்கு இயக்குவது என்று முடிவு செய்தேன். பள்ளி விடுமுறையாதலால் மாணவர் பதினைந்து பேர் வந்தனர். அக்கம்பக்கத்தாரும் வந்தனர். “புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை இராகு காலம்” என்று பெரியவர் எச்சரித்தார். “ஞாயிறு அப்போதுதான் உச்சியில் இருக்கிறது, தாத்தா” என்று சிரித்தபடியே விசையை அழுத்தினேன். மின்விசிறி சுழன்றது. பிள்ளைகள் கைதட்டினர். நான் ஒரு சிறு சொற்பொழிவே தொடங்கிவிட்டேன்.

பத்து நிமிடம்! அவ்வளவுதான். விசிறி நின்றது.

தெருவிலே மின்சாரம் நின்றிருக்கிறது. நின்றால் என்ன? மாடியிலே தகடுகள் இல்லையா? தலைக்குமேலே ஞாயிறு இல்லையா? இன்வெர்ட்டர் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே வேலை நிறுத்தம். வெயிலால் விசிறி சுழலும் என்று விளக்கிக்கொண்டிருந்தவள், அதே வெயிலிலே வியர்த்து நின்றேன்.

கூட்டத்திலே ஒரு குரல் எழுந்தது. “ரோகிணியிலே பிறந்தவள்தானே!”

தோழர்களே, அந்தச் சொல்லின் பின்னே பதினைந்து ஆண்டு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு ஒரே தம்பி, என் தாய்மாமன். மின்கம்பம் ஏறும் தொழிலாளி. நிரந்தர வேலையுமன்று, ஒப்பந்தக் கூலி. என்னைத் தோளிலே தூக்கிக்கொண்டு கொடைவிழா காட்டியவர். நான் ஐந்தாம் வகுப்பிலே படித்தபோது ஒருநாள், பழுது பார்க்கக் கம்பம் ஏறினார். டிரான்ஸ்பார்மரிலே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை, விழுந்தார். நிறுத்திய கம்பியிலே மின்சாரம் எப்படி வந்தது? யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்றனர். விடை முன்னமே ஆயத்தமாக இருந்ததே! ‘ரோகிணியில் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது.’ பத்து வயதுச் சிறுமிமீது கொலைப் பழி! பள்ளிப் பை சுமக்கும் தோளிலே மாமனின் சாவையும் சுமத்தினர். அம்மா ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஆனால் மாமாவின் நினைவு நாளன்று என்னை நேர் பார்வை பார்த்ததுமில்லை.

அன்று இரவு நான் உறங்கவில்லை. பகுத்தறிவு பேசுகிறவள்தான், மேடையிலும் பேசியிருக்கிறேன். ஆயினும் ஒரு நொடி, ஒரே நொடி, என் நெஞ்சும் கேட்டது: ‘ஒருவேளை உண்மையோ?’ மறைக்காமல் சொல்லுகிறேன். மூடநம்பிக்கை ஊரில் மட்டும் இல்லை. தோல்வி நேரும் நேரம் பார்த்து நம் நெஞ்சுக்குள்ளும் நுழையக் கதவோரம் காத்திருக்கிறது.

மறுநாள் தகடுகளைப் பொருத்தித் தந்த இளைஞர் வந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. சிரித்தார்.

“டீச்சர், இது கோளாறில்லை, காவல்” என்றார்.

அவர் சொன்னதைச் சொல்லுகிறேன், கவனமாய்க் கேளுங்கள். தெருக்கம்பியோடு இணைந்து ஓடும் இன்வெர்ட்டர், அந்தக் கம்பியின் அழுத்தத்தையும் துடிப்பையும் இடைவிடாது அளந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு 50 சுற்று என்னும் அந்தத் துடிப்போடு தன் துடிப்பையும் ஒன்றச் செய்துதான் மின்சாரத்தை அனுப்பும். தெருக்கம்பி செத்துவிட்டால், இரண்டு விநாடிக்குள் தன்னையும் துண்டித்துக்கொள்ளும். மின்சாரம் திரும்பினாலும் உடனே பாயாது. சில நிமிடம் பொறுத்து, நிலைமை சீரானதா என்று பார்த்தே இணையும்.

“ஏன் அப்படி?” என்றேன்.

“கம்பத்தில் ஒருவர் ஏறியிருப்பாரே, டீச்சர்! அவர் தெருக்கம்பியை நிறுத்திவிட்டு ஏறியிருப்பார். நம் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பின்வழியாகக் கம்பிக்குள் போனால் அவர் உயிர் என்னாகும்? முன்பெல்லாம் கல்யாண மண்டபத்திலே ஜெனரேட்டரை முறையான மாற்று விசை இல்லாமல் ஓட்டி, அப்படித்தானே பலரைச் சாகடித்தார்கள்.”

அடுக்களையிலே பாத்திரம் விழும் ஓசை கேட்டது. அம்மா நிலைப்படியிலே வந்து நின்றார்.

“தம்பி, திரும்பச் சொல்லுங்க” என்றார்.

இளைஞர் திரும்பச் சொன்னார். அம்மா கேட்ட வினா ஒன்றே ஒன்று. “அன்னைக்கு அந்தத் தெருவிலே கல்யாணம். மண்டபத்திலே ஜெனரேட்டர் ஓடிச்சு. பாட்டு நிக்கவே இல்லை. என் தம்பி விழுந்தப்பவும் பாட்டு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுதானா?”

இளைஞர் விடை சொல்லவில்லை, தலை குனிந்தார். அதுவே விடை.

பதினைந்து ஆண்டுக்குப் பின் அம்மா என் கையைப் பற்றினார். கோள் கொல்லவில்லை, கோளாறு கொன்றது. விண்மீன் வீழ்த்தவில்லை, விசை ஒன்று இல்லாமை வீழ்த்தியது. சில நூறு ரூபாய் பெறும் ஒரு மாற்று விசை! அதை வைக்காதவனை யாரும் கேட்கவில்லை. தொட்டிலிலே கிடந்தவளின் பிறப்பு நாளைக் கேட்டார்கள். பழியை விண்ணுக்கு அனுப்பிவிட்டால் மண்ணிலே குற்றவாளி தப்பிவிடுகிறான். மூடநம்பிக்கையின் முதல் கேடு அதுதான், தோழர்களே!

அன்று மாலையே மாணவரை அழைத்தேன். “பிள்ளைகளே, இராகு காலத்தை அளப்போம்!” என்றேன். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம், இன்வெர்ட்டர் காட்டும் வாட் அளவு. ஏழு நாள், காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை, அரைமணிக்கு ஒருமுறை குறித்தனர். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை, புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை என வரும் இராகு காலங்களைச் சிவப்பு மையால் கோடிட்டனர்.

கண்டதென்ன? வாரம் முழுவதிலும் மிகுந்த மின்சாரம் விளைந்த சிவப்புக் கட்டம் புதன்கிழமைக் கட்டம்! 1,560 வாட். எந்த வேளையை இயக்கத் தகாத வேளை என்றாரோ, அந்த வேளையே உச்ச விளைச்சல் வேளை. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு மேலே அளவு சரிந்தது. “பார்த்தாயா!” என்றார் பெரியவர். “தாத்தா, மற்ற ஆறு நாள்களிலும் அதே நேரத்தைப் பாருங்கள்” என்று ஏழாம் வகுப்புச் சிறுமி நோட்டைப் புரட்டிக் காட்டினாள். ஏழு நாளும் ஒரே சரிவு. வெயில் சாய்ந்தால் விளைச்சல் சாயும். கிழமைக்கும் அதற்கும் உறவில்லை. ஒப்பிட்டுப் பார் என்னும் அறிவியலின் அடிப்படைப் பாடத்தை அந்தச் சிறுமி என்னிடமிருந்து கற்கவில்லை, மாடியிலிருந்து கற்றாள்.

இரண்டு கிலோவாட் தகடு ஏன் 2,000 வாட் தரவில்லை என்றும் பிள்ளைகள் கேட்டனர். கேட்க வேண்டிய கேள்வி! தகட்டின் அளவு 25 பாகை வெப்பத்திலே கணக்கிடப்படுவது. எங்கள் மே மாத மாடியிலே தகடு 60 பாகைக்குமேல் கொதிக்கும். ஒவ்வொரு பாகை கூடும்போதும் நூற்றில் அரைக்கும் சற்றுக் குறைவான பங்கு விளைச்சல் குறையும். தகடு விரும்புவது வெளிச்சத்தை, வெப்பத்தையன்று. நிழலுக்கும் அது அஞ்சும். தென்னங்கீற்று ஒன்றின் நிழல் ஓரத்திலே விழுந்தாலே வரிசை முழுவதும் சோர்ந்து போகும்.

ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-இல் கண்டவர் பிரான்சு நாட்டு பெக்கரல். அப்போது அவருக்கு வயது 19. அமெரிக்காவிலே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர் 1954-இல் சிலிக்கான் மின்கலத்தைச் செய்து காட்டினர். விழுந்த ஒளியில் நூற்றில் ஆறு பங்கை அது மின்சாரமாக்கியது. இன்று வீட்டு மாடித் தகடு ஏறத்தாழ இருபது பங்கை மாற்றுகிறது. ஆறு இருபதானது வேண்டுதலாலன்று, ஆய்வினாலே.

சரி, காவல் புரிந்தது. ஆனால் இருள்? தெருவிலே மின்சாரம் நின்றால் வீடும் இருளத்தானே செய்யும்? அதற்கும் வழி உண்டு. தெருக்கம்பியைத் தொடாத தனிக் கம்பி. அதற்கெனத் தனி பேட்டரி. இரண்டு விசிறி, நான்கு விளக்கு: இவை மட்டும் அந்தக் கம்பியிலே. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு. பெருக்கினால் 3,600 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 1,800 என்று கொள்வோம். சிக்கன விசிறிக்கு 30 வாட், விளக்குக்கு 10 வாட், மொத்தம் 100. பதினெட்டு மணி நேரம் தாங்கும்! இந்தப் பேட்டரியை நிரப்பக் காற்றை அழைத்தேன். ஆனி, ஆடியிலே மேற்கு மலைமேல் முகில் திரளும், வெயில் மங்கும், அந்த நாள்களிலேதான் காற்று வெறிகொள்ளும். ஒருவர் ஓயும்போது மற்றவர் உழைக்கும் உறவு அது.

இங்கே இரண்டாம் முறை தோற்றேன். சிறு காற்றாடி ஒன்றை மாடியிலேயே பத்தடிக் கம்பத்திலே நட்டேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் காற்றாடியோ திரும்பித் திரும்பித் தவித்ததே தவிரச் சுழலவில்லை. இம்முறை நான் நெஞ்சு நடுங்கவில்லை. காரணம் தேடினேன். காரணம் சொன்னவர் பொறியாளரல்லர். எங்கள் தெருவிலே பனையேறும் பெரியவர்.

“தாயி, பனையடியிலே காத்து நடக்கும், பனை உச்சியிலே ஓடும். நாற்பது வருசமா ஏறுகிறேன், எனக்குத் தெரியாதா? உன் மாடியைச் சுத்தித் தென்னை, சுவரு, தண்ணித்தொட்டி. முட்டி முட்டிச் சுழலுது. திறந்த மேட்டிலே, உசரத்திலே நடு” என்றார்.

நூலைப் புரட்டினேன். அதையே எழுதியிருந்தார்கள்! சுற்றிலும் 300 அடிக்குள் எது உயரமோ, அதைவிட 30 அடியாவது மேலே இருக்க வேண்டும் காற்றாடி. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் இரட்டிப்பதில்லை, எட்டு மடங்காகிறது. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான். காற்றிலுள்ள ஆற்றலில் நூற்றுக்கு 59.3 பங்குக்குமேல் எந்தக் காற்றாடியும் எடுக்க இயலாது என்று ஜெர்மன் நாட்டு பெட்ஸ் கணக்கிட்டார். பெட்ஸின் கணக்கை நூல் தந்தது. காற்றின் போக்கைப் பனை தந்தது. எழுத்தறியாத அந்த உழைப்பாளியின் நாற்பதாண்டு அறிவைக் கேளாமல், ஏட்டை மட்டும் நம்பி மாடியிலே நட்டேனே, என் பட்டம் அன்று தலைகவிழ்ந்தது.

தோட்டத்து மேட்டிலே, நாற்புறமும் இழுகம்பி கட்டி, அறுபதடி உயரத்திலே நட்டோம். சுழன்றது! எனினும், தோழர்களே, உள்ளதைச் சொல்ல வேண்டும். வீட்டுக் காற்றாடி எல்லா ஊருக்கும் ஏற்றதன்று. எங்களைப் போலக் கணவாய்க் காற்று வீசும் திறந்த வெளிக்கு அது துணை. மரமும் மாடியும் சூழ்ந்த தெருவுக்குத் தகடே போதும். ஒரு கிலோவாட் என்று எழுதிய காற்றாடி பெரும்பாலான நாள்களில் அதில் பாதியும் தராது.

காற்றைக் கொண்டு வீட்டுக்கு விளக்கேற்றியது என் புதுமையுமன்று. 1887-இல் ஸ்காட்லாந்திலே ஜேம்ஸ் பிளைத் என்னும் பேராசிரியர், மேரிகர்க் என்ற ஊரிலே தம் குடிலின் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாடியை நிறுத்தி, பேட்டரியை நிரப்பி, விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தால் ஊர்த் தெருவுக்கும் விளக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? மின்சாரம் பேயின் வேலை, வேண்டாம் என்றார்கள்! அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே சார்லஸ் பிரஷ் என்பவர் 144 இறக்கை கொண்ட பெருங்காற்றாடியால் தம் மாளிகைக்கு ஒளியேற்றினார். 1891 முதல் டென்மார்க்கிலே அஸ்கோவ் என்ற சிற்றூர்ப் பள்ளியிலே காற்றாடி ஆய்வு நடத்தியவர் பால் லா கூர். என்னைப் போல ஓர் ஆசிரியர். மேரிகர்க் பேய்க்கும் எங்கள் ஊர் இராகுவுக்கும் மொழிதான் வேறு, குரல் ஒன்று. ஆனால் அந்த நாடுகள் பேயை விட்டன, காற்றைப் பிடித்துக்கொண்டன.

பொன்னைத் தொலைத்தேன் என்றார்களே, கணக்கைப் பாருங்கள். ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியிலே தொடங்கிய மாடிச் சோலார் திட்டம் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயாக இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் அறிவித்தது. மூன்றும் அதற்கு மேலுமானால் 78,000. எனக்கும் 60,000 திரும்பி வந்தது. நல்ல வெயில் நாளிலே எட்டு யூனிட் விளைகிறது. எங்களுக்கு வேண்டியது ஐந்து. தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். பேட்டரிக்குத்தான் வடிநீரும் சில ஆண்டுக்கொருமுறை மாற்றமும் வேண்டும். ஆனால் ஓலைக் கூரையின்கீழ் வாழ்வோர் எங்கே தகடு பதிப்பர்? அவர்களுக்கு ஊர்ப் படிப்பகத்தின் மாடியும் பள்ளியின் மாடியும் கூரையாக வேண்டும். வீட்டுக்கொரு விளக்கு அறிவின் தொடக்கம். தெருவுக்கெல்லாம் விளக்கு அதன் நிறைவு.

ஆடி மாதத்திலே ஓர் இரவு. தெரு இருண்டது. எங்கள் திண்ணை மட்டும் ஒளிர்ந்தது. ஒன்பது பிள்ளைகள் அமர்ந்து படித்தனர். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் பேரனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து விளக்கின் கீழே உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, “பிள்ளே, இன்னைக்கு நாள்கூடப் பார்க்கலை” என்றார். சிரித்தோம்.

சென்ற மாதம் என்னைப் பெண் கேட்டு ஒரு தரகர் வந்தார். முதல் கேள்வி, “எத்தனை சவரன் போடுவீர்கள்?” இரண்டாம் கேள்வி, “பெண் என்ன நட்சத்திரம்?”

அம்மா எழுந்தார். விளக்கைக் காட்டினார். “பொன் கூரையிலே இருக்கு. பிறந்தது ரோகிணி. ஆனா அதைக் கேக்கிற வீட்டுக்கு எங்க பிள்ளை வரமாட்டாள்” என்றார்.

தோழர்களே! விசிறி நின்றால் விண்ணைப் பார்க்காதீர், விசையைப் பாருங்கள். விளக்கு அணைந்தால் நாளைக் கேட்காதீர், காரணத்தைக் கேளுங்கள். கேட்கத் தொடங்கிய அன்றுதான் எங்கள் வீட்டிலே முதல் விளக்கு எரிந்தது. அது மாடியிலே எரியவில்லை. அடுக்களை நிலைப்படியிலே எரிந்தது.